தொட்டு ஆட வேண்டிய ஆட்டம்

கபடி தொட்டு ஆடும் ஆட்டம். பாடி வருபவர் எதிரணியினரைத் தொட வேண்டும். அவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து மடக்க வேண்டும். ஒருவர் வியர்வை மற்றவர் மேல் படும். கைப்பந்தில் நடுவே வலை இருக்கிறது. அதனால் எங்கள் கிராமத்தில் ஊர்த்தெருப் பையன்களும் காலனிப் பையன்களும் எப்போதாவது கைப்பந்து ஆடியதுண்டு. ஒரே களத்தில் கபடி ஆட மட்டும் நெடுங்காலம் ஆனது. அதை நடத்திக் காட்டியவர் என் தாத்தா. காலனியில் அவருக்கு 'மிலிட்டிரி தாத்தா' என்று பெயர். சென்ற ஆண்டு, 80 வயதில் காலமானார்.

குடியாத்தம் பகுதிக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போவது தலைமுறை வழக்கம். 1962 சீனப் போருக்குப் பின் ராணுவத்தில் ஆட்சேர்ப்பு அதிகரித்தது. மறு ஆண்டே, 19 வயதில், தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1780-ல் பயனியர் படையாகத் தொடங்கிய பிரிவு அது. தலைமையகம் பெங்களூருவில் அல்சூர் ஏரியருகே இருக்கிறது. பறையர் சமூகத்தைச் சேர்ந்த பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த படை. பாலம் அமைப்பது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை.

1965, 1971 போர்க்காலங்களில் தாத்தா பணியில் இருந்தார். ஆனால் போர்க்கதை சொல்லமாட்டார். மெஸ்ஸைப் பற்றித்தான் சொல்வார். ஒரே வரிசை, ஒரே அண்டா, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கபடியை முறையாகக் கற்றதும் அங்கேதான்.

1985-ல் ஹவில்தாராக ஓய்வுபெற்றுத் திரும்பினார். டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் காத்திருந்தது. மீசை முளைக்காத பையன்கள் பெயர் சொல்லி 'வாடா' என்றார்கள். அந்தக் கடைக்கு அவர் அப்புறம் போகவில்லை. காலனி ஓரத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த புறம்போக்கில், பையன்களைச் சேர்த்துக்கொண்டு முள் வெட்டினார். கல் பொறுக்கி, செம்மண்ணும் ஆற்றுமணலும் சலித்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டார். ஆட்டக்களம் தயாரானது.

விடியற்காலை 5 மணிக்கு விசில் கேட்கும். முதலில் ஓட்டம், பிறகு நகப் பரிசோதனை. நகம் வளர்ந்திருந்தால் அன்று ஆட்டம் கிடையாது. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு மாலையில் களத்தில் இடமில்லை. ஒருவன் கணுக்காலைப் பிடித்தால் மற்றவன் இடுப்பை எப்போது பிடிக்க வேண்டும், மூச்சை எப்படி அடக்கிப் பாட வேண்டும் என்று நாள் கணக்கில் ஒரே பிடியைப் பழக்குவார். பெண் பிள்ளைகளையும் இறக்கினார். என் அம்மா தயங்கியபோது, "என் பேத்தி ஆடலன்னா வேற யார் வூட்டுப் பொண்ணம்மா வரும்?" என்று கேட்டுவிட்டு என்னைக் களத்தில் நிறுத்தினார்.

1990-களில் பக்கத்து ஊர்த் திருவிழாப் போட்டிக்கு எங்கள் பையன்கள் நுழைவுக் கட்டணம் கட்டிப் போனார்கள். எதிரணி களத்துக்கே வரவில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. நடுவர் வாக்ஓவர் கொடுத்தார். பையன்கள் குதித்தார்கள். தாத்தா, "தொடாம ஜெயிச்சது கபடி இல்லடா, கிளம்புங்க" என்று கூட்டி வந்துவிட்டார்.

மாற்றம் எதிர்பாராத வழியில் வந்தது. ராணுவ ஆட்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்க வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இதற்கெல்லாம் பயிற்சி தரத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் தாத்தாதான். ஊர்த்தெருப் பையன்கள் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவர் மறுக்கவில்லை; ஒரு நிபந்தனை போட்டார். ஓடி முடித்ததும் கபடி ஆட வேண்டும். ஊர் ஓர் அணி, காலனி ஓர் அணி என்று பிரிக்கமாட்டார். இரு தெருவையும் கலந்துதான் அணி பிரிப்பார். வீட்டில் திட்டு வாங்கி ஒருவன் நின்றுவிட்டான். மற்றவன் நிலைத்தான். அவனைப் பார்த்து மேலும் சிலர் வந்தார்கள். 'வாடா' என்ற வாய்கள் 'சார்' என்று கூப்பிடப் பழகின.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. திருவிழாப் போட்டிகளில் இன்றும் தெருவாரியாகத்தான் அணிகள் இறங்குகின்றன. ஆனாலும் அந்தக் களத்தில் ஆடியவர்களில் சிலர் இன்று சீருடையில் இருக்கிறார்கள். சிலர் கல்லூரியில் படிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது வரை போனார். அரசு வேலையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வழி திறக்க, முதலில் காலடியில் ஓர் ஆட்டக்களம் வேண்டும்.

எங்கள் கவலையும் அதுதான். அந்த நிலம் வருவாய்க் கணக்கில் இன்னும் வெறும் புறம்போக்குதான். ஒரு மூலையில் ஏற்கெனவே ஜல்லி கொட்டிவிட்டார்கள். நாளை யாரும் வேலி போடலாம். பொது இடத்தைப் பட்டியல் சாதியினர் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். வழக்கு வரை போகும் முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானம் நிறைவேற்றி, களத்தை விளையாட்டுத் திடல் என்று பதிவுசெய்யும்படி வட்டாட்சியருக்கு அனுப்பலாம்.

அந்த மனுவை எழுதி முடித்துவிட்டோம். திடலுக்குத் தாத்தா பெயரை வைக்கச் சொல்லி அதில் கேட்கவில்லை. நிலத்தைக் கணக்கில் ஏற்றச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் ஊர்த்தெருப் பையன்கள் நான்கு பேர் இருக்கிறார்கள்.