இறால் ஓட்டிலிருந்து முகச் சீரம்

பள்ளுருத்தியையும் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தையும் சுற்றியுள்ள பகுதிகளில் இறால் பதனிடும் கூடங்கள் பல உண்டு. அங்கு கழிக்கப்படும் தலையும் ஓடும் இறாலின் எடையில் ஏறக்குறையப் பாதியாகும். கேட்பாரற்றுக் கிடந்தால் நாற்றமெடுக்கும் இக்கழிவினின்று கைட்டோசான் என்னும் விலைமதிப்புள்ள பொருளை எடுக்கலாம். 1957-ல் கொச்சியில் நிறுவப்பெற்று, இன்று வில்லிங்டன் தீவில் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்து வந்துள்ளது. ஓட்டிலுள்ள புரதத்தை நீர்த்த காரத்தாலும், சுண்ணாம்பை நீர்த்த அமிலத்தாலும் நீக்கினால் எஞ்சுவது கைட்டின். அதனை அடர்ந்த சூடான சோடா காரத்தில் வைத்துக் கைட்டோசானாக மாற்றுவர். தோலையும் கண்ணையும் எரிக்கவல்ல இவ்வேலை தொழிற்சாலைக்குரியது, பள்ளிக்கூடத்துக்கு உரியதன்று.

முகத்தில் தடவும் சீரத்துக்கு இக்கைட்டோசான் வழவழப்பைத் தருகிறது. சருமத்தின்மேல் மெல்லிய ஏடாகப் படிந்து ஈரத்தையும் காக்கிறது. ஆனால் அது வெறும் தண்ணீரில் கரையாது. லாக்டிக் அமிலம் போன்றதோர் அமிலம் கலந்த நீரில்தான் கரையும்; அப்போது அதன் மூலக்கூறுகள் நேர் மின்னூட்டம் பெறுகின்றன. கரைசலின் பி.எச். எண் 6-ஐத் தாண்டத் தொடங்கினால் அது மீண்டும் திரிந்து பிரியும்.

சீரம் தயாரிக்க முனையும் மகளிர் குழுக்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான். நல்லவை எனக் கேள்விப்பட்ட பொருள்களையெல்லாம் ஒரே புட்டியில் சேர்த்துவிடுகின்றனர். ஹயலூரானிக் அமிலத்தின் உப்பு எதிர் மின்னூட்டமுடையது. அது கைட்டோசானோடு சேர்ந்தால் தெளிந்த திரவம் கலங்கி வெண்ணிற இழைகளாகத் திரளும். கடற்பாசியினின்று கிடைக்கும் சோடியம் ஆல்ஜினேட்டும் இவ்வாறே நடக்கும். அதன் கரைசலில் கைட்டோசான் கரைசலைச் சொட்டினால் சொட்டைச் சுற்றித் தோல் கட்டுவதை மாணவர்கள் கண்ணால் காணலாம். ஆசிரியர்களுக்கு இதைவிட எளிய சோதனை கிடைப்பது அரிது.

வைட்டமின் சி-யின் நிலை வேறு. அது சருமத்துள் புகவேண்டுமாயின் பி.எச். எண் 3.5-க்குக் கீழே இருத்தல் வேண்டும். நீரில் நின்றால் நாளடைவில் பழுப்பேறிக் கெடும். நியாசினமைடோ கடும் அமிலத்தில் மெல்லச் சிதைந்து, முகத்தைச் சிவக்கச் செய்யும் நிகோடினிக் அமிலமாகிறது. ஆகவே இவ்விரண்டில் ஒன்றையே தெரிந்துகொள்ளல் நன்று. கைட்டோசானுக்கு இசைவது நியாசினமைடே. 5-ஐ ஒட்டிய பி.எச். எண்ணில் இரண்டும் நிலைத்திருக்கும். மனிதச் சருமத்தின் இயல்பான அமிலத்தன்மையும் ஏறக்குறைய அதுவே.

100 கிராம் சீரத்துக்குக் கைட்டோசான் அரை கிராம், லாக்டிக் அமிலம் அரை கிராம், கிளிசரின் 4 கிராம், நியாசினமைடு 3 கிராம், பினாக்சி எத்தனால் 0.9 கிராம், மீதி வாலைவடித்த நீர். கொச்சியின் ஈரக்காற்றில் கிளிசரின் மிகுந்தால் முகம் பிசுபிசுக்கும். கைட்டோசான் மிகுந்தால் உலர்ந்தபின் தோல் இழுக்கும். கைட்டோசானை அமில நீரில் இட்டு ஓரிரவு மெதுவாகக் கலக்குதல் வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து குழைவு குன்றும். வடிகட்டி, ஏனையவற்றைச் சேர்த்தபின், நீர்த்த சோடா காரத்தைத் துளித்துளியாக விட்டு பி.எச். எண்ணை 5-க்குக் கொணர்தல் வேண்டும்.

பினாக்சி எத்தனால் நுண்ணுயிர்களைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படுவது; அதன் அளவு ஒரு சதவீதத்தை மீறலாகாது. இரசாயனமே வேண்டாம் எனக் கருதி இதனை விட்டுவிடுவோர் உளர். பத்தில் ஒன்பது பங்கு நீராயுள்ள பொருளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் விரைவில் பெருகும். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் சீரம் தூயதென்று கொள்ளலாகாது. கைட்டோசானுக்கும் ஓரளவு கிருமித்தடை ஆற்றல் உண்டு எனினும், அதனை மட்டும் நம்புதல் தகாது.

இறால் ஒவ்வாமை உள்ளோர்க்கு அதன் புரதமே தீங்கு செய்வது. நன்கு தூய்மைசெய்த கைட்டோசானில் அது மிகக் குறைவேயாயினும், பொருளின் மூலத்தைப் புட்டியின் மேலொட்டில் குறிப்பிடுதல் கடமையாகும். முதலில் முன்கையில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்தபின்னரே முகத்தில் இடுதல் வேண்டும். விற்பனைக்காகத் தயாரிப்போர், 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.