வாங்குவதா, பொறுப்பதா?

சென்ற மாதம் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், டோம்பிவிலியில் வசிக்கும் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகள் கட்டடக் கலை பயில்கிறாள். தன் கணிப்பொறிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கேட்கிறாளாம். கடைக்காரரோ, சென்ற ஆண்டு சொன்னதைவிட மிகுதியாக விலை சொல்கிறாராம். "விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? நீங்கள் முன்பு இதற்காக அலைந்தவராயிற்றே, ஒரு வழி சொல்லுங்கள்" என்றார். வண்டிக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று என்னால் நிறைவாக விடை கூற இயலவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்வி எழுந்திருக்கக் கூடும். ஆதலால் அவருக்குச் சொல்ல எண்ணியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். கணிப்பொறிக் கல்வி கற்றவன் அல்லன். பட்டு அறிந்ததையே சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தோன்றும் உருவங்களைக் கணக்கிட்டு வரைகின்ற ஒரு தனிப் பொறி. ஆயிரக் கணக்கான சிறு கணக்குகளை ஒரே வேளையில் செய்யவல்ல ஆற்றல் அதற்கு உண்டு. அதற்கெனத் தனி நினைவகமும் உண்டு. பிள்ளைகள் விளையாடுவதற்கான பொருள் அது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அசைவூட்டப் படம், திரைப்படத் தொகுப்பு, கட்டட வரைபடம் ஆகிய தொழில்களுக்கும் அதுவே இன்றியமையாத கருவி என்பதை என் தம்பியிடமிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

தம்பி கல்யாணில் என்னோடு தங்கி அசைவூட்டக் கலை பயின்றுகொண்டிருந்தான். எங்கள் கணிப்பொறியில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்னும் அட்டை. 2016இல் வெளிவந்த வகை. நினைவகம் 4 ஜிகாபைட். அவன் விரும்பியது ஆர்டிஎக்ஸ் 3060. நினைவகம் 12 ஜிகாபைட். 2021 பிப்ரவரியில் என்விடியா நிறுவனம் அதனை வெளியிட்டபோது அறிவித்த விலை 329 டாலர். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 24,000 ரூபாய். சரக்கு சேவை வரி 18 விழுக்காட்டைச் சேர்த்தாலும் 30,000 ரூபாயை எட்டாது.

அவ்வாண்டு அக்டோபரில் எங்களுக்கு 78 நாள் ஊதியம் போனசாகக் கிடைத்தது. அதன் உச்ச வரம்பான 17,951 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலை முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினோம். அறிவித்த விலைக்கு அந்த அட்டை எங்கும் இல்லை. இருந்த ஒரு கடையில் 60,000 ரூபாய் கேட்டார்கள். ஊரில் தந்தையாரின் கண் அறுவைச் சிகிச்சை வேறு காத்திருந்தது. "அண்ணா, இப்போது வேண்டாம். விலை இறங்கட்டும்" என்று தம்பியே சொன்னான். அவன் முகத்தைப் பாராமல் நானும் சரி என்றேன்.

விலை ஏறியதற்குக் காரணங்கள் இருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தோரும் பயின்றோரும் கணிப்பொறிகளை வாங்கிக் குவித்தனர். சில்லுகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இவற்றோடு, ஈதரியம் என்னும் மின்னாணயத்தைக் கணக்கிட்டு ஈட்டுவதற்கு இந்த அட்டைகள் மிக ஏற்றவையாக இருந்தமையால், அத்தொழிலில் இறங்கியோர் அவற்றை மொத்தமாக வாங்கினர். 3060 அட்டையில் அக்கணக்கின் வேகத்தைக் குறைக்கும் தடை ஒன்றை என்விடியா வைத்தது. ஆனால் அடுத்த மாதமே அந்நிறுவனம் வெளியிட்ட சோதனை மென்பொருள் ஒன்று தவறுதலாக அத்தடையை நீக்கிவிட்டது! பின்னர் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் ஈதரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அதற்கு இனி அட்டைகள் தேவையில்லை என்றாயிற்று. அதற்கு முன்பிருந்தே இறங்கத் தொடங்கிய விலை மேலும் தணிந்தது. அவ்வாண்டு நவம்பரில் அதே அட்டையை 31,500 ரூபாய்க்கு வாங்கினோம். பொறுத்ததனால் மிச்சம் 28,500 ரூபாய்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று எழுதிவிட்டு நானும் நிறுத்தியிருப்பேன். ஆனால் இடையில் ஒன்று நடந்தது.

2021 டிசம்பரில் அந்தேரியில் உள்ள ஒரு படநிலையத்தில் தம்பிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மூன்று வாரங்களுக்குள் 40 வினாடிப் படம் ஒன்றைத் தானே உருவாக்கிக் காட்ட வேண்டும். வினாடிக்கு 24 தனிப்படங்கள். ஆக 960 படங்கள். அவன் அமைத்த காட்சி 4 ஜிகாபைட் நினைவகத்தில் அடங்கவில்லை. எனவே அட்டையை விடுத்துக் கணிப்பொறியின் மையச் செயலியைக் கொண்டே ஒவ்வொரு படத்தையும் வரைய வேண்டியதாயிற்று. ஒரு படத்துக்கு 25 நிமிடம். மொத்தம் 400 மணி நேரம். பகலில் என் மகளின் பள்ளி வகுப்புகளுக்கு அதே கணிப்பொறிதான். இரவில் பத்து மணி நேரம் ஓட்டினாலும் நாற்பது இரவுகள் வேண்டும். காட்சியைச் சுருக்கினான்; படங்களின் தரத்தைக் குறைத்தான்; கண் விழித்தான். குறித்த நாளில் பாதிப் படம்தான் கையில் இருந்தது. வாய்ப்பு போயிற்று.

வேறோர் இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது 2023இல். தொடக்கச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய். நாங்கள் மிச்சப்படுத்திய 28,500 ரூபாய், அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. அவன் காத்திருந்ததோ ஓராண்டுக்கும் மேல். அட்டை இருந்திருந்தால் அந்த வேலை உறுதியாகக் கிடைத்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கடன் வாங்கியிருந்தால் வட்டியும் சேர்ந்திருக்கும். ஆயினும், அன்று நான் விலையை மட்டுமே எண்ணினேன். வேலையை எண்ணவில்லை என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் நான் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. கூடுதல் கட்டணம் கொடுத்துத் தட்கலில் சீட்டு வாங்க இருவர் வருகிறார்கள். ஒருவர் தாயாரின் உடல்நலம் குன்றியதால் ஊருக்கு விரைகிறார். மற்றவர் உல்லாசப் பயணம் போகிறார். இருவருக்கும் கட்டணம் ஒன்றே. ஆனால் முன்னவருக்கு அது விலையுயர்ந்தது அன்று. அட்டையும் அத்தகையதே. ஆகவே, டோம்பிவிலி அன்பர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எந்த வேலை தடைபட்டு நிற்கிறது? விளையாட்டுக்காகவே எனில், காட்சியின் தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு பழைய அட்டையிலேயே விளையாடலாம், தயங்காமல் பொறுக்கலாம். படிப்போ பிழைப்போ தடைபடுகிறதெனில், பொறுப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இரண்டாவது, விலையேற்றத்தின் காரணம் விரைவில் நீங்கக் கூடியதா? 2021இல் இருந்த காரணம் நீங்கியது. 2025இன் இறுதியில் தொடங்கிய ஏற்றத்தின் காரணம் வேறு. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்குகின்றன. அச்சில்லுகளைச் செய்வோரில் பெரியோர் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூவர்தாம். அவர்களுள் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதிய ஆலை எழும்பிச் சில்லு வெளிவர ஆண்டுகள் ஆகும். எனவே, அன்று ஓராண்டில் இறங்கியதைப்போல் இம்முறையும் இறங்கும் என்று நம்பியிருப்பது தகாது. மேலும், எங்களிடம் இருந்ததைப் போன்ற பத்தாம் வரிசை அட்டைகளுக்கு வழக்கமான மென்பொருள் மேம்பாட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர்வரை வரும்.

மூன்றாவது, செலவு அட்டையோடு முடிகிறதா? எங்கள் பழைய அட்டை 75 வாட் மின்சாரத்தோடு நிறைவுற்றது. 3060 அட்டைக்கோ 170 வாட் வேண்டும். மின்வழங்கிப் பெட்டியையும் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய அட்டையை மலிவாக வாங்குவோர், அது மின்னாணயத் தொழிலில் இரவு பகலாக உழைத்துக் களைத்ததா என்பதை அறிதல் வேண்டும். விசிறியின் ஓசையைக் கேளுங்கள். ஒரு மணி நேரமாவது கனமான வேலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புதியதாயின், உத்தரவாதத்தோடு கூடிய பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. தம்பியின் வாய்ப்பு போன சில மாதங்களுக்குப் பின், நம் சங்கத்துப் பொங்கல் விழாக் கணக்குப் பார்க்கும்போது அன்பர் ஒருவரிடம் இச்செய்தியைச் சொன்னேன். அவர் வீட்டில் மகன் விளையாடுவதற்கென ஆற்றல்மிக்க கணிப்பொறி ஒன்று இருந்ததாம். இரவெல்லாம் அது சும்மா கிடந்ததாம். "ஒரு சொல் கேட்டிருந்தால் தந்திருப்பேனே" என்று அவர் வருந்தினார். கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கூச்சம் தடுத்திருக்கும்.

வாங்குவது, பொறுப்பது என்னும் இரண்டே வழிகள் உண்டென்று அன்று எண்ணினேன். இரவல் கேட்பது, சில நாள் வாடகைக்கு எடுப்பது என்னும் வழிகளும் இருந்தன. டோம்பிவிலி அன்பரின் மகளுக்கு வரும் மே மாதம் இறுதித் தேர்வுக்கான வரைபடங்களை ஒப்படைக்க வேண்டுமாம். தம்பியின் அட்டை என் வீட்டில்தான் இருக்கிறது. அவன் அலுவலகத்திலேயே இப்போது வேலை செய்வதால் இரவில் அது ஓய்வாக உள்ளது. அந்தப் பெண் அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்து தன் வேலையை முடித்துக்கொள்ளலாம். அதன்பின் வாங்குவதா, பொறுப்பதா என்பதை அவள் தந்தையார் அமைதியாக முடிவு செய்யட்டும்.