முதலில் வியாபாரம், பிறகு கட்டடம்

இலங்கைத்துறைச் சகோதரர் ஒருவர், வாப்பாவின் காணி உறுதியை ஈடு வைத்து, வட்டிக் கடனில் பெரிய கடை கட்டப் போவதாகச் சொன்னார். நான் அவருக்கு இரண்டு கார்ப் பந்தயத் திடல்களின் வரலாற்றைச் சொன்னேன்.

1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப்போர்க்காலச் சோழவரம் விமான ஓடுதளத்திலேயே பல்லாண்டு பந்தயம் நடத்தியது. கூட்டமும் அனுபவமும் சேர்ந்த பின்பே, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் திடல் திறந்தது. அது இன்றும் ஓடுகிறது.

கிரேட்டர் நொய்டாவில் ஜேப்பி குழுமம் பெருஞ்செலவில் கட்டிய புத் சர்வதேசத் திடலுக்கு 2011இல் பார்முலா 1 வந்தது. அது விளையாட்டா, கேளிக்கையா என்று வரித் தகராறு எழுந்தது. மூன்றே பந்தயங்களோடு 2013இல் நின்றது. குழுமத்தின் தாய் நிறுவனம் 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. திடல் மட்டுமே காரணமல்ல, கடன்தான் மூலம்.

“வாடகைக் கடையில் வாடிக்கையாளரைச் சேருங்கள், இலாபத்தில் கட்டுங்கள். பரக்கத் அதில்தான். உறுதி வீட்டிலேயே இருக்கட்டும்” என்றேன்.