வானத்தைக் காக்கும் பணி

1971 டிசம்பர் 14 அன்று சிறீநகர் விமானதளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே தம் சிறிய நாட் விமானத்தை எழுப்பினார் நிர்மல்ஜித் சிங் செகோன். தனித்துப் போரிட்டு உயிர் துறந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. அவருடைய 18-ஆம் படைப்பிரிவு 2020 மே 27 அன்று, கோவையை அடுத்த சூலூரில், தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது.

இப்பணி நம் தருமபுரிப் பிள்ளைகளுக்கு எட்டாததன்று. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் பயில்வோர் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வை எழுதலாம். 2021 முதல் பெண்களும் எழுதுகின்றனர். கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுக் கல்வி, பின்னர் துண்டிகலில் பறக்கும் பயிற்சி, செலவு அரசினுடையது. ஆனால், வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைக்கு இதுவே முதல் தடைச்சுவர்.

“உயிருக்கு ஆபத்தன்றோ?” எனத் தாய்மார் நம்மை வினவுகின்றனர். உண்மையே, அதை மறைத்தல் அறமன்று. ஆயினும் நமது அச்சத்தைப் பிள்ளையின் கால்விலங்காக்குதலும் முறையன்று. பெற்றோரே, பிள்ளையின் விருப்பத்தை அமர்ந்து கேளுங்கள். ஆங்கிலப் பயிற்சியை ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். முடிவை அதன்பின் இருவரும் சேர்ந்தே எடுங்கள்.