அடிவயிற்று நோவும் சூட்டு ஒத்தணமும்



வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய்கள் சில உண்டு. பல்வலி கண்டவர் அயலெல்லாம் கேட்க அரற்றுவார். சிறுநீர்ப்பையிலே நோவு கண்டவரோ, அதிலும் பெண்ணாயிருந்துவிட்டால், பெற்ற தாயிடமும் முழுவதையும் சொல்லமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸிலே போகவேண்டுமென்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். கலியாண வீட்டுக்குப் போனால், மணவறையைப் பார்க்குமுன் மலசலகூடம் எந்தப் பக்கம் என்று பார்த்துவைப்பார். இரவில் நான்கு முறை, ஐந்து முறை எழும்புவார். தண்ணீரைக் குறைப்பதால் சிறுநீர் செறிந்து, புண்பட்ட பையை இன்னும் உறுத்துகின்றது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இவ்வகை நோவுக்குக் கிருமித் தொற்றே காரணமாயின், சிறுநீரைப் பரிசோதித்து ஏற்ற மருந்து கொடுத்தால் சில நாட்களில் தீரும். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. கிருமி இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை. ஆயினும் நோவு ஆறு வாரத்துக்கு மேலாக நிற்கின்றது. பை நிரம்ப நிரம்ப நோவு ஏறும். கழித்தவுடன் சற்றே தணியும். பின்னர் மறுபடியும் தலைதூக்கும். அமெரிக்காவிலே 1887ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற வைத்தியர் இதைச் சிறுநீர்ப்பைச் சுவரின் அழற்சி என்று தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். 1915இல் பால்ட்டிமோர் நகரத்துக் கை ஹன்னர் என்பவர், பையின் உட்சுவரிலே ஒருவகைப் புண்ணைக் கண்டு விவரித்தார். அப்புண் நோயாளர் சிலரிடத்தில் மாத்திரமே காணப்படும். பிறருக்குப் பையின் உட்புறம் ஏறத்தாழ இயல்பாகவே தோன்றும். அதனாலேதான், “உமக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை” என்ற சொல்லை இந்நோயாளர் பலர் கேட்க நேர்ந்தது. நோவைக் காட்டிலும் அந்தச் சொல் கொடியது. ஆண்களுக்கும் இது வருவதுண்டு. அவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியிலே கிருமி என்று கூறி, கிருமிகொல்லி மருந்தையே மீண்டும் மீண்டும் கொடுத்து வருவதைப் பல நாடுகளிலும் காணலாம்.

பையின் உட்படலம் பழுதுறுதல், நரம்புகள் அளவுக்கு மீறிக் கூருணர்வு கொள்ளுதல், இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளுதல் என்று காரணங்கள் பல ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒரே மருந்தால் அடியோடு அகற்றிவிடலாம் என்று எவரும் வாக்குறுதி அளித்தற்கில்லை. ஆகவே நோவைத் தணித்து நாளாந்த வாழ்வை நடத்தும் வழிகளுக்கு இங்கே பெருமதிப்பு உண்டு. அமெரிக்கச் சிறுநீரியல் வைத்தியர் சங்கம் 2011இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும், நோயாளர் தாமே செய்துகொள்ளத்தக்கவற்றுள் ஒன்றாக, அடிவயிற்றிலோ மலவாயிலுக்கு முன்னுள்ள அடிப்பகுதியிலோ சூடு அல்லது குளிர் வைத்தல் கூறப்பட்டிருக்கின்றது. நம் பாட்டிமார் தவிட்டையும் உப்பையும் வறுத்துத் துணியிலே முடிந்து ஒத்தணம் கொடுத்தது இதே வழிதான்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். தோலுக்கு மேலே வைக்கும் சூடு, இடுப்பெலும்புக்குப் பின்னே ஒளிந்திருக்கும் பையைச் சென்று சேருமா? பெரும்பாலும் சேராது. மேலே வைக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கே நன்றாகச் செல்லும். அதற்குமேல் ஓடும் இரத்தம் அதை வாரிக்கொண்டு போய்விடும். அப்படியானால் நோவு தணிவது எவ்வாறு? விடை நரம்புகளின் அமைப்பிலே இருக்கின்றது. சிறுநீர்ப்பையிலிருந்து புறப்படும் உணர்வு நரம்புகள் முள்ளந்தண்டு வடத்தின் இரண்டு இடங்களிலே போய்ச் சேருகின்றன: ஒன்று நெஞ்சுப் பகுதியின் கீழ்க்கோடியும் நாரிப் பகுதியின் தொடக்கமும், மற்றது திருவெலும்புப் பகுதி. அடிவயிற்றுத் தோலின் நரம்புகள் முதலிடத்தின் அயலிலும், அடிப்பகுதித் தோலின் நரம்புகள் இரண்டாம் இடத்திலும் சேருகின்றன. ஆகவே தோலிலே பிறக்கும் இதமான சூட்டுணர்வும், பையிலே பிறக்கும் நோவும் ஒரே வாயிலை நோக்கி வருகின்றன. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இருவர், முள்ளந்தண்டு வடத்திலே நோவுக்கு ஒரு படலை இருப்பதுபோலவும், பிற உணர்வுகள் வந்து மோதும்போது அந்தப் படலை ஓரளவு சாத்தப்படுவதுபோலவும் ஒரு கொள்கையை எடுத்துரைத்தனர். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கின்றது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிடுவதும் இதே நியாயம்பற்றியே. இவற்றோடு, சூடு பட்ட தசைகள் இளகுகின்றன. நோவுக்கு அஞ்சித் தசை இறுகுவதும், இறுகிய தசையே புதிய நோவைப் பிறப்பிப்பதுமாகிய சுழல் சற்றே அறுகின்றது.

சூடு கூடக்கூட நன்மையும் கூடும் என்று எண்ணிவிடலாகாது. கலிபோர்னியாவிலே டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வுகூடத்தார் 1997இல் மிளகாயின் காரத்தை உணரும் புரதம் ஒன்றைக் கண்டறிந்தனர். ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் அதே புரதம் விழித்தெழுகின்றது என்பதும் புலனாயிற்று. 2021இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசிலே பங்கு கிடைத்தது. மிளகாயைக் கடித்தவர் “வாய் எரிகிறது” என்பது உவமையன்று என்று இதனால் விளங்கும். நமக்கு வேண்டிய பாடம் வேறு: அந்த எல்லையைத் தாண்டிய சூடு நோவைத் தணிக்கும் உணர்வாயிராமல், தானே நோவாகிவிடும். 2001இல் அமெரிக்காவிலே வெளிவந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் நோவு கண்ட பெண்களுக்கு 39 பாகைக்குச் சற்றுக் குறைந்த சூடு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அடிவயிற்றிலே கொடுக்கப்பட்டது. அதனால் உண்டான ஆறுதல் ஐபியூபுரோபன் மாத்திரையின் ஆறுதலுக்கு ஒப்பாயிருந்தது. அது சிறுநீர்ப்பை நோவுபற்றிய ஆய்வன்று. எனினும் உடற்சூட்டிலும் ஓரிரு பாகையே மிகுந்த இளஞ்சூடு போதியது என்பதற்கு அது நல்ல சான்று.

1947இல் மோறிற்ஸ், ஹென்றிக்குவிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர் தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகும் என்று அளந்தனர். 60 பாகையில் ஐந்து விநாடி போதும். 44 பாகையில் ஆறு மணி நேரம் செல்லும். இரண்டாவது கணக்கையே நான் வற்புறுத்துகிறேன். கைக்கு இதமாகத் தோன்றும் மின்சார வெப்பமெத்தையை இடுப்பிலே கட்டிக்கொண்டு உறங்கிவிடுபவர், விடியும்போது கொப்புளத்தோடு எழும்பக்கூடும். ஆதலால் தானே அணைந்துவிடும் மெத்தையை வாங்குக. உறங்கும்போது எதனையும் வைத்துக்கொள்ளற்க.

செய்முறை எளிது. நேரே தோலில் படாதபடி ஒரு துவாயை இடையிலே விரித்து, தொப்புளுக்குக் கீழே இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டிப் பதினைந்து அல்லது இருபது நிமிடம் வைக்கலாம். சிலருக்கு முதுகின் அடியிலே வைப்பது கூடிய சுகம் தரும். அடிப்பகுதியின் தோல் மெல்லியது. அவ்விடத்துக்குப் பையும் மெத்தையும் வேண்டாம். அகன்ற பாத்திரத்திலே இளஞ்சூட்டு நீர் நிரப்பி அதில் இடுப்பளவாக அமர்ந்திருத்தலே சிறந்தது. இறப்பர்ச் சுடுநீர்ப் பை வைத்திருப்போர் கொதிநீரை அப்படியே ஊற்றற்க. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடுக. அதன்மேல் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். பல பைகளின் கழுத்தருகே பூவிதழ்போல ஓர் அடையாளம் இருக்கும். அது செய்யப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் குறிப்பது. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட பையைக் கழித்துவிடுதல் நன்று. தைலம் பூசிய இடத்தில் ஒத்தணம் கொடுத்தலும் தவறு; தோல் வெந்துவிடும்.

நாள்தோறும் சூடு வைத்து வருவோரின் தோலிலே வலைபோன்ற செம்பழுப்பு நிறக் கோலம் தோன்றுவதுண்டு. முற்காலத்தில் குளிர்நாட்டு மூதாட்டிகளின் கால்களிலே, கணப்படுப்பின் முன் இருந்து இருந்து, இது கண்டது. கோலம் கண்டவுடன் சூட்டை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மறையும். பொருட்படுத்தாது ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தால், அரிதாக அவ்விடத்திலே புற்றுநோயும் பிறக்கலாம்.

நீரிழிவினால் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டைத் தாமே மதிப்பிட முடியாது. அவர்கள் வைத்தியரின் சொற்படியே நடத்தல் வேண்டும். கர்ப்பிணிகளும் அவ்வாறே. சிறுநீரிலே இரத்தம் கண்டாலும், காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், வலப்பக்க அடிவயிற்றில் புதிதாய் நோவும் வாந்தியும் உண்டானாலும் ஒத்தணத்தை எடுத்துவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுக. அந்நிலையில் ஒத்தணம் ஆபத்தை மறைத்துவைக்கும் திரையாகிவிடும்.

சூடு ஒவ்வாது, குளிர்ந்த துணியே சுகம் தருகின்றது என்பாரும் உளர். அவர்கள் அதையே கைக்கொள்ளலாம். தேநீர், கோப்பி, தேசிக்காய், தக்காளி, மிளகாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எது தமக்குப் பகையென்று அறிதலும் பயன் தரும். அடித்தளத் தசைகளை இறுக்கும் பயிற்சியை யாராவது சொன்னால் உடனே தொடங்கிவிடவேண்டாம். ஏற்கனவே இறுகியிருப்பதை மேலும் இறுக்கினால் நோவு மிகும். தசையை இளக்கும் முறைகளை, பயின்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமே கற்றல் வேண்டும்.

வைத்தியரிடம் போகுமுன் மூன்று நாட்களுக்கு ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், அளவு எவ்வளவு, அப்போது நோவு எப்படி, ஒத்தணத்துக்குப் பின் எப்படி, என்ன உண்டீர்கள். பழைய அளவுக் கிண்ணம் ஒன்றை இதற்கென ஒதுக்கிவைத்தால் அளவு தெரியும். வெட்கத்தினால் வாய் திறக்க இயலாதவர்கள் வைத்தியரின் மேசையிலே அந்தத் தாளை நீட்டினாற் போதும்.