ட்ரையத்லான்: மூன்றையும் சமமா பிராக்டீஸ் பண்ணா ஏன் டைமிங் குறையல?

ஆரணியிலிருந்து ஐடி வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் தறிச் சத்தம் தொடங்கும் முன் எழுந்து ஓடுகிறார். ஞாயிறு வேலூர் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறார். நடுவில் நீச்சல். ஒரு வருஷமாச்சு, டைமிங் மட்டும் நகரவே இல்லை. ஏன்?

கணக்கு எளிது. வேலைக்கு நடுவே வாரம் 7 மணி நேரம் கிடைத்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம்கூட வராது. இருக்கிற ஃபிட்னஸைக் காப்பாற்ற அது போதும், கூட்டப் போதாது. அதனால்தான் சில வாரங்களுக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் முறை இருக்கிறது.

மற்ற இரண்டும் போயிடாதா?

இந்தப் பயத்துக்கு 1980-களிலேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் குழு, வாரம் 6 நாள் சைக்கிளும் ஓட்டமுமாகப் பயிற்சி செய்தவர்களை 2 நாளாகக் குறைக்கச் சொன்னது. 15 வாரம் கழித்தும் அவர்களின் விஓ2 மேக்ஸ், அதாவது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு, இறங்கவில்லை. ஆனால் பயிற்சியின் வேகத்தைக் குறைத்தபோது இறங்கியது. நாளைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பதே பாடம்.

எதைப் பிடிப்பது?

பிடித்ததை அல்ல, அதிக நிமிடம் மிச்சமாவதை. கோவாவில் 2019 முதல் நடக்கும் அயர்ன்மேன் 70.3-ஐ எடுத்துக்கொள்வோம்: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். ஒருவர் முறையே 50 நிமிடம், மூன்றரை மணி, இரண்டரை மணி நேரம் எடுக்கிறார் என்றால், 10% முன்னேற்றம் எவ்வளவு தரும்?

- நீச்சல்: 5 நிமிடம்
- சைக்கிள்: 21 நிமிடம்
- ஓட்டம்: 15 நிமிடம்

சைக்கிளில் களைத்துப் போகாமல் இறங்கினால் ஓட்டமும் தானாகவே மேம்படும்.

அப்போ நீச்சலை விட்டுடலாமா?

கூடாது. 70.3 போட்டியில் நீச்சலுக்கு 70 நிமிடம்தான் கெடு. தாண்டினால் சைக்கிளைத் தொடவே முடியாது. மாதக்கணக்கான உழைப்பு கடற்கரையிலேயே முடிந்துவிடும். நம்ம ஊர்ப் பக்கம் பலர் கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். தண்ணீர்ப் பயம் இருக்காது. ஆனால் கிணற்றில் நேராக 25 மீட்டர் போக இடமில்லை; தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்போம். கடலில் அது சீக்கிரம் களைப்பாக்கும். உங்கள் நேரம் 60 நிமிடத்தைத் தாண்டினால், முதல் பிளாக் நீச்சலுக்குத்தான்.

ஒலிம்பிக் உதாரணம்

அமெரிக்காவின் க்வென் ஜோர்கென்சன் கல்லூரியில் நீச்சலும் ஓட்டமும் செய்தவர். அப்புறம் ஆடிட் நிறுவனத்தில் கணக்காளர் வேலை. அவருக்குப் புதுசு சைக்கிள்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டயர் பஞ்சராகி 38-வது இடம். ஓட்டம் ஏற்கெனவே பலம் என்பதால், இடைவெளி இருந்த சைக்கிளில் நிறைய உழைத்தார். 2016 ரியோவில் தங்கம்.

8 வாரம் எப்படி?

தறியில் ஒரு பாவு ஏற்றினால், அது முடியும்வரை அடுத்தது ஏறாது. அதே மாதிரி 8 வாரத்துக்கு ஒன்றே ஒன்று.

- தேர்ந்தெடுத்ததற்கு வாரம் 4 நாள். மற்றவற்றுக்குத் தலா ஒரு நாள், அதில் கொஞ்சம் வேகப் பயிற்சி கட்டாயம். ஒரு நாள் ஓய்வு.
- ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தூரத்தை மெதுவாக ஏற்றுங்கள். காயம் அதிகம் வருவது அதில்தான்.
- கிணறோ கடலோ, தனியாக இறங்க வேண்டாம்.
- போட்டிக்கு 8 வாரம் இருக்கும்போது நிறுத்திவிட்டு, மூன்றுக்கும் திரும்புங்கள். நீண்ட தூரத்துக்குத் தாக்குப்பிடிக்க, நீண்ட பயிற்சி வேண்டும்.

முதல் நாளும் கடைசி நாளும் ஒரே தூரத்தை நேரம் பார்த்துச் செய்யுங்கள். அந்த இரண்டு எண்களை ஒப்பிட்டாலே அடுத்த 8 வாரம் எதற்கு என்று தெரிந்துவிடும்.