இணையும் நிறுவனங்களும் நலமுரணும்

இரு நிறுவனங்களை ஆள்பவர் அவற்றை இணைக்க முற்படுகையில் விற்பவரும் வாங்குபவரும் அவரே ஆகின்றார். இந்நிலையே நலமுரண் எனப்படும்.

ஐதராபாத்துச் சத்யம் நிறுவனம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் தலைவர் இராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருக்கு அந்நிறுவனத்தில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் பங்குகளே இருந்தன. மேத்தாஸ் நிறுவனங்களிலோ அதனினும் பன்மடங்கு. 16.12.2008 அன்று, மேத்தாசை 160 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கச் சத்யம் இயக்குநர் அவை ஒப்பியது. உறவை யாவரும் அறிந்திருந்தும் சார்பற்ற இயக்குநர்கள் இசைந்தனர். பங்குதாரர் எதிர்ப்பே அம்முடிவை உடனே கைவிடச் செய்தது. இல்லாத சொத்துகளை மெய்ச்சொத்துகளால் நிரப்பும் இறுதி முயற்சியே அது என 7.1.2009 அன்று ராஜு ஒப்புக்கொண்டார்.

மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பொது நிறுவன இயக்குநர் தம் நலனை வெளிப்படுத்தி (பிரிவு 221), வாக்களியாது ஒதுங்க வேண்டும் (பிரிவு 222) என்கின்றது. ஆயினும், அறிவித்தல் மட்டும் காப்பாகாது. எஞ்சிய இயக்குநர்கள் விலையை ஆராய்ந்து மறுக்கத் துணிந்தாலன்றி, ஜொகூரில் தம் சேமிப்பைப் பங்குகளில் இட்ட ஆசிரியருக்கும் பாதுகாப்பில்லை.